சாயப்பட்டறை மீன்கள்

மூன்று மீன்களும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. சாயப்பட்டறையின் வரவேற்பறையில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்த கண்ணாடித் தொட்டி அது. சுற்றுச்சூழல் தணிக்கை அதிகாரி கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

மருமகள் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டறையின் கழிவுநீர்த் திட்டம் முழுக்க அவள் போட்டது. எந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் போக வேண்டும், யார் சோதிக்க வேண்டும், பிசகினால் எந்த வால்வை மூட வேண்டும் என்று ஒன்று விடாமல் வகுத்திருந்தாள். முதலில் ஒரு பிரிவில் நடத்திக் காட்டுகிறேன், சுத்திகரித்த தண்ணீரில் மீன் வளரும் என்று மாமனாரிடம் சவால் விட்டவளும் அவள்தான்.

மாமனார்தான் முதலாளி. சாயத் தண்ணீரில் மீனாவது வளர்வதாவது என்று சிரித்தவர். அதிகாரி வந்து பார்க்கும்போது மீன் உயிரோடு இருந்தால் திட்டம் பட்டறை முழுவதும் நடக்கும்; இல்லையென்றால் அவள் திட்டக் கோப்பை மூடிவிட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். பேச்சு அப்படி.

நேற்று மாலை வரை வாலை ஆட்டிக்கொண்டு கொழுகொழுவென்று திரிந்த மீன்கள்.

சாய மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"மல்லாக்க நீச்சல் பழகுது போல," என்றார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், தனக்கு உள்ளே வேலை கிடப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

தண்ணீர் மட்டும் பளிங்காக இருந்தது. வழக்கமாக அதில் லேசாக ஒரு மஞ்சள் ஓடும். இன்று அதுகூட இல்லை. இவ்வளவு தெளிந்த தண்ணீரில் இவை எப்படிச் செத்தன என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மாமனார் வந்தார். குத்திக்காட்ட ஒரு விஷயம் கிடைத்தால் வாரம் முழுக்க அதை வைத்தே ஓட்டுகிறவர். இன்று தொட்டியைப் பார்த்தும் அவர் குத்திக்காட்டவில்லை. பிறகு அருகில் வந்து, டிரைவரை அனுப்பி இதே நிறத்தில் வேறு மீன் வாங்கிவரச் சொல்லட்டுமா என்று ரகசியமாகக் கேட்டார்.

"வேண்டாம் மாமா. தோத்தா தோத்ததுதான். திருட்டு மீனக் காட்டி ஜெயிக்கணுமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதிகாரி உள்ளே வந்ததும் அவள் எதையும் மறைக்கவில்லை. இது தன் திட்டத்தில் சுத்திகரித்த தண்ணீர், இவை அதில் செத்த மீன்கள், எங்கே தப்பு என்று தனக்கே தெரியவில்லை என்றாள். சொல்லிவிட்டு, திட்டக் கோப்பை மாமனார் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிய விதம், சுடுகிற பாத்திரத்தை வாங்கியதுபோல் இருந்தது.

அதிகாரி ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு முகர்ந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கி, இன்னொரு தடவை முகர்ந்தார்.

"ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்குதேம்மா. இதுல மீன் எப்படிப் பிழைக்கும்? எவ்வளவு போடுறீங்க?"

"ஒரு சிட்டிகைகூட போடுறதில்ல சார். எங்க தண்ணியச் சுத்தம் பண்றதே கிருமிங்கதான். இதப் போட்டா முதல்ல அதுங்க செத்துடும்."

வேண்டுமானால் சுத்திகரிப்பு நிலையத்துக்கே வந்து முகர்ந்து பாருங்கள் என்றாள். அப்படியானால் இந்த வாடை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். முகத்தைக் கோப்பால் பாதி மறைத்துக்கொண்டார்.

"நீ தோத்துடக் கூடாதேன்னு, நேத்து ராத்திரி நான்தாம்மா உன் தண்ணியக் கொட்டிட்டு, நாம குடிக்கிற குழாய்த் தண்ணிய நிரப்பி வச்சேன்."