தலைப்புக்கு வெளியே

“கழுத்துல கெடக்குற சிலுவையக் கழட்டித் தா தாயி.”

பட்டாசு ஆலை வாசலில் ஃபோர்மேன் சீனிச்சாமி கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஞானசுந்தரி மறுபேச்சு பேசாமல் சங்கிலியில் கை வைத்தாள்.

“நிறுத்துங்க. கழட்டாதீங்கக்கா.”

காரிலிருந்து இறங்கி வந்தவள் பிரீத்திகா. முதலாளி காளிராஜின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் மதங்களின் வரலாறு படிக்கிறாள். ‘உழைக்கும் மக்களின் மத சுதந்திரம்’ என்று தலைப்பு எடுத்து, ஆய்வுக்கு அப்பாவின் நாரணாபுரம் ஆலைக்கே வந்துவிட்டாள்.

“யாரைக் கேட்டு ஒருத்தரோட சிலுவையைக் கழட்டச் சொல்றீங்க? அரசியல் சட்டத்துல இருபத்தஞ்சாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. தெரியுமா உங்களுக்கு?”

சீனிச்சாமிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு.

“பாப்பா, இரும்பு, பித்தளை, வெள்ளி எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரசி ஒரு பொறி விழுந்துச்சுன்னா அம்புட்டுப் பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். பொம்பளையாளுக தாலிச் சங்கிலியவே வீட்டுல வச்சிட்டு, வெறும் மஞ்சக் கயித்தோடதான் வாராக.”

பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். முருகன் டாலர், தாயத்து, இரண்டு மூன்று சிலுவை, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

“அந்த ஐயப்பன் டாலர் என்னோடது. உங்க வளையலையும் கேமராவையும்கூட இங்கன வச்சிட்டுப் போங்க.”

பிரீத்திகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல அத்தியாயம் ஒன்று கையை விட்டுப் போன எரிச்சல்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஞானசுந்தரியைத் தேடிப் பிடித்து, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். மடியில் கேள்வித்தாள்.

“உங்க மதத்தைக் கடைப்பிடிக்கிறதுக்கு இங்க ஏதாவது தடை இருக்கா அக்கா? பயப்படாம சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது.”

“சொன்னா நெசமாவே எழுதுவீகளா பாப்பா?”

“அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

ஞானசுந்தரி தூக்குவாளியை மூடி வைத்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெளம எங்க சின்னவளுக்குப் புதுநன்மை. மொத மொதல்ல நற்கருணை வாங்குற நாளு. வெள்ளக் கவுனெல்லாம் தச்சு வச்சாச்சு. அவ மெழுகுவத்தியப் பிடிச்சு நிக்கையில நான் பக்கத்துல நிக்கணும்.”

“சரி. நில்லுங்களேன்.”

“சீசன்னு சொல்லி அஞ்சு ஞாயிறா வேல. பூசைக்கே போகல. அது போகட்டும், இந்த ஒத்த நாளு லீவு கேட்டேன். பாட்னாவுக்கு லோடு போகணும், ஞாயித்துக்கெளம வராதவ திங்கக்கெளமையும் வர வேண்டாம்னுட்டாக.”

பிரீத்திகாவின் பேனா வேகமாக ஓடியது. அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“அநியாயம். யாரு சொன்னது? அந்த ஃபோர்மேனா?”

“அய்ய, அவரு பாவம். எனக்காகப் போய்ப் பேசி ஏச்சுத்தான் வாங்கிட்டு வந்தாரு. சொன்னது மொதலாளி.”

பேனா நின்றது.

“அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க பாப்பா. உங்க பேச்சுக்குக் கட்டாயம் எறங்குவாக.”

பிரீத்திகா கேள்வித்தாளை முன்னும் பின்னும் புரட்டினாள். எழுதிய நாலு வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

“அக்கா, இது லீவு பிரச்சனை. தொழிலாளர் நலத்துல வரும். என் தலைப்புக்குள்ள வராது.”

“பூசைக்குப் போறது மதத்துல சேராதா பாப்பா?”

“சேரும். ஆனா... சீசன் முடியட்டும். நான் பேசுறேன்.”

சீசன் முடிந்த பிறகு பேசி என்ன செய்ய? புதுநன்மை ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். மதங்களின் வரலாற்றில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஞானசுந்தரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேலைக்கு மணி அடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரீத்திகா கேமராவோடு மாதா கோயிலுக்குப் போனாள். ஆய்வேட்டுக்கு நல்ல படம் ஒன்று வேண்டும். பூசை முடிந்து வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அப்பா அம்மா நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படியோரம் ஒரு பிள்ளை மட்டும் மெழுகுவர்த்தியோடு ஒதுங்கி நின்றது. முகம் லட்சணமாக இருந்தது. படத்துக்கு ஏற்ற முகம்.

“அம்மாவைக் கூப்பிடும்மா. ரெண்டு பேரையும் சேத்து எடுக்கிறேன்.”

“அம்மா வேலைக்குப் போயிருக்காக.”

“இன்னைக்குப் போயா?”

பின்னால் நின்ற பெரியம்மாக்காரி மெதுவாகச் சொன்னாள்.

“ஞானசுந்தரி மகதான் பாப்பா. உங்க கம்பெனிக்குத்தான் போயிருக்கா.”

பிரீத்திகா கேமராவைக் கீழே இறக்கினாள். நாரணாபுரம் ஆலை பத்து நிமிஷ தூரம்தான். கார் வாசலில் நின்றது.

“பரவாயில்ல, தனியாவே நில்லு” என்றாள். “கொஞ்சம் சிரி.”

அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் போட்டாள். படத்துக்குக் கீழே அவளே யோசித்து எழுதிய வரி இது:

“இங்கே உழைக்கும் எவருடைய வழிபாட்டுக்கும் எந்தத் தடையும் இல்லை.”