நாலடி செக்

கிராப் வாடகைக் காரின் பின்சீட்டுக்குள் செக் நுழைய மறுத்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம். மேலே சுற்றியிருந்தது ஒரு ஜரிகைப் பொன்னாடை.

“அங்கிள், டிவியா?” என்றான் டிரைவர் சதீஷ்குமார்.

“செக்குப்பா. இருபதாயிரம் வெள்ளி.”

“இந்த சைஸ்லயா? எந்த பேங்க் அங்கிள் இத வாங்கும்?”

“பேங்க்குக்கு யாரு போறா? ஷா ஆலம் லேபர் ஆபீசுக்கு விடு.”

சதீஷ்குமார் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, முன்சீட்டைச் சாய்த்துச் செக்கைச் செருகினான்.

சின்னையா மலேசியாவின் கிள்ளானில், ‘டத்தோ’ பட்டம் வாங்கிய முதலாளி கிஷனிடம் இருபத்து மூன்று வருஷம் லோரி ஓட்டியவர். சம்பளம் கையில்தான், சிலிப்பும் கிடையாது, இ.பி.எஃப் சேமநிதியும் கிடையாது. கேட்டால், “நீ என் தம்பி மாதிரிடா. தம்பிக்கு யாராச்சும் இ.பி.எஃப் கட்டுவாங்களா?” என்பார் டத்தோ. சின்னையாவுக்குக் கண் கலங்கிவிடும்.

போன வருஷம் டத்தோ லோரிகளை விற்றார். தம்பியை வீட்டுக்கு அனுப்பினார். அதற்கும் மண்டபம் பிடித்து விழா எடுத்தார். மாலை, பொன்னாடை, மூன்று பத்திரிகைக்காரர்கள், டத்தோவின் தாராள மனதைப் பற்றி டத்தோவே ஆற்றிய நாற்பது நிமிஷ உரை. செக் அட்டையில் வெறும் பெயரும் தொகையும் இருந்தது அவருக்குப் போதவில்லை. “நம்ம ஆளுங்கள நாம எப்படி வச்சிருக்கோம்னு ஊருக்குத் தெரிய வேணாமா?” என்று மார்க்கர் பேனாவால் அடியில் ஒரு வரி எழுதி, நீளமாகக் கையெழுத்தும் போட்டார்.

படம் மறுநாளே பேப்பரில் வந்தது. பணம்தான் வரவில்லை. எட்டு மாதம் டத்தோவின் வாசலுக்கு நடந்து அலுத்த பிறகு, சட்டப்படி சேரவேண்டிய வேலைநீக்கப் பணத்தைக் கேட்டு சின்னையா லேபர் ஆபீசில் புகார் கொடுத்தார்.

அதற்கு டத்தோ அனுப்பிய பதில்தான் நெஞ்சில் அடித்தது. லெட்டர்ஹெட்டில் அவருடைய பட்டங்கள் நாலு வரி. அதற்குக் கீழே: ‘இந்த ஆள் எங்கள் ஊழியரே அல்ல. கூப்பிட்டால் வந்து ஒரு டிரிப் ஓட்டிவிட்டுப் போகிற வெளி டிரைவர்.’

விசாரணை அறைக்குள் முதலில் டத்தோவின் சென்ட் வந்தது, பிறகு டத்தோ வந்தார்.

அதிகாரி லோகேஸ்வரி கோப்பைப் புரட்டினார். “அங்கிள், சம்பள சிலிப் இல்ல, இ.பி.எஃப் இல்ல. நீங்க இவர்கிட்ட வேலை செஞ்ச ஆளுன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா? இல்லன்னா கேஸ் நிக்காது.”

சின்னையா பொன்னாடையை அவிழ்த்தார்.

டத்தோ வயிறு குலுங்கச் சிரித்தார். “ஐயோ சின்னையா! இதையா தூக்கிட்டு வந்த? போட்டோவுக்கு அடிச்ச அட்டைலா இது! இத வச்சுக் கடையில ஒரு தே தாரிக் டீ கூட வாங்க முடியாது.”

“தம்பின்னு சொன்னீங்களே டத்தோ...” என்றார் சின்னையா.

“மேடையில ஆயிரம் சொல்லுவோம். அதெல்லாம் கணக்கா?”

“கையெழுத்து உங்களோடதா, டத்தோ?” என்றார் லோகேஸ்வரி.

“பின்ன? கையெழுத்து, அடியில இருக்கிற வரி, எல்லாம் நான் கைப்பட எழுதினதுதான். ஆனா செல்லாது மேடம், செல்லாது!”

“காசு செல்லாதுன்னு எனக்கும் தெரியும் மேடம்.” சின்னையா அட்டையின் அடியில் விரலை வைத்தார். “இத மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க.”

லோகேஸ்வரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இருபத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் கம்பெனியின் நிரந்தர ஊழியர்.”