ஏழும் சேர்ந்தால்

"கூடப் பிறந்த தம்பி போட்ட பிளானைத் திருப்பி அனுப்பியிருக்கே. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா தண்ணீரைக் குடித்தாள். எதிரே தம்பி தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தம்பிக்கு நகரத் திட்ட ஆபீஸில் வேலை. ஊரை வடக்குப் பக்கம் விரிவுபடுத்த வரைபடம் போட்டவன் அவன்தான். அக்கா இருப்பது சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஆபீஸில். எந்தத் திட்டமானாலும், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன கெடுதல் என்று அங்கே பார்த்து ஒப்புதல் தந்தால்தான் வேலை தொடங்கும். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு அக்கா. ஊர் முழுவதற்கும் அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் அக்கறை அவ்வளவுதான்.

"வேற யார் தலையிலயாவது கட்டியிருக்கலாமே?" என்றாள் அம்மா.

"வேற ஆளே கிடையாதும்மா."

"உனக்கு முன்னாடி இருந்தவர் கேள்வி கேட்டாரா? வந்ததுக்கெல்லாம் கையெழுத்து போட்டாரு, நிம்மதியா ரிட்டையர் ஆனாரு. அப்படி என்னதான் கேட்டே நீ?"

"பஸ் ஸ்டாண்டு, குடோன், குடியிருப்புன்னு மொத்தம் ஏழு வேலை. ஏழையும் தனித்தனியாப் பார்த்து, ஒவ்வொண்ணுக்கும் 'பாதிப்பு குறைவு'ன்னு எழுதியிருக்காங்க. ஏழும் சேர்ந்தா மழைத் தண்ணி எங்க போகும்னு கேட்டேன்."

"எங்க போகும்? எப்பவும் போற எடத்துக்குப் போகும்."

"அந்த எடத்துலதாம்மா கட்டப் போறாங்க."

பேச்சில் தோற்கிற ஆள் இல்லை அம்மா.

"கொஞ்சம் தண்ணி நின்னா நிக்கட்டுமே. தானா வடிஞ்சிடும்."

"நாம நாலு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் அடுப்படிக்குப் போய் குழம்புல ஆளுக்கொரு கரண்டி உப்பு போட்டா எப்படிம்மா இருக்கும்? கேட்டா எல்லாரும் 'நான் கொஞ்சம்தான் போட்டேன்'னுதான் சொல்லுவோம். இங்க அதைச் சாப்பிடப் போறது பள்ளத்துல இருக்கற தெருக்காரங்க. சின்னப் பசங்க பள்ளிக்கூடமும் அங்கதான் இருக்கு."

"விடும்மா," என்றான் தம்பி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "அக்காவுக்குச் சட்டம்தான் தம்பி. நான் யாரோ எவனோ."

"கேட்டியா? அவன் மனசு எவ்வளவு வெந்திருந்தா இப்படிப் பேசுவான்?"

அதுவரை வாய் திறக்காத தம்பி மனைவி மெல்லச் சொன்னாள். "அண்ணி, இந்த பிளான் பாஸ் ஆனா இவருக்கு புரமோஷன்னு சொல்லியிருந்தாங்க. குவார்ட்டர்ஸும் கிடைச்சிருக்கும். இப்ப இருக்கற வீட்ல ஒரு தொட்டில் போடக்கூட எடமில்லை. இனிமே அது வேற யாருக்கோ போயிடும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா எவ்வளவு திட்டினாலும் கலங்காத அக்காவுக்கு இதைத் தாங்க முடியவில்லை. தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அம்மா வாயில் நிற்காது, சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும். தெருவில் பாதிப் பேர் தம்பியின் ஆபீஸ்காரர்கள்.

"புள்ளைத்தாச்சிப் பொண்ணை அழ வெச்சுட்டே இல்ல? அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு இங்க வர வேண்டாம்," என்றாள் அம்மா.

அக்கா கையைக் கழுவினாள். தம்பி மனைவியின் தலையை ஒருமுறை தடவிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"இரு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்," என்று தம்பி எழுந்தான். "இவளை நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்."

"நல்லாக் கேளு," என்றாள் அம்மா.

தெரு திரும்பியதும் அக்காவின் பையைத் தம்பி வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை.

"நாலு கேள்வி கேக்கறேன்னியே, கேளேன்டா."

தம்பி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"நான் பேசினது ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சாக்கா?"

"அளவாத்தான் இருந்துச்சு. அந்த 'சட்டம்தான் தம்பி' அருமை. எனக்கே சுருக்குன்னுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பள்ளத்துல தண்ணி நிக்கும்னு எங்க டைரக்டர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன்க்கா. வரையறது மட்டும்தான் உன் வேலைன்னுட்டாரு. அதனாலதான் உன்கிட்ட வந்தேன். அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னதே நான்தான்னு அழுதுட்டு இருக்கற அவகிட்ட மட்டுமாவது சொல்லிடறேனே."

பஸ் வந்துவிட்டது. அக்கா அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல குழந்தை நல்லபடியாப் பொறக்கட்டும்டா. அதுவரைக்கும் கெட்டவ நானாவே இருந்துட்டுப் போறேன்."