வலமா, இடமா?

"சொல்லுங்க அண்ணி, வலமா இடமா?" சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து கொழுந்தனின் குரல்.

திரையில் எண் மேலே ஏறியது. "வலம்," என்றாள்.

உள்ளே லேசர் மேசையருகே அவன். வெளியே, காந்தத்தை அளக்கும் மானியின் முன் அவள்.

மேசையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத தங்கப் புள்ளிகள். சுழலும் ஒளி பட்டால் அவற்றின் எலக்ட்ரான்கள் கூட்டமாய்ச் சுற்றும். ஒளி இருக்கும் வரை தங்கம் காந்தமாகும். ஒளி வலப்பக்கம் சுழன்றால் எண் மேலே, இடப்பக்கம் சுழன்றால் கீழே. மூன்று வருடமாக அவள் அடித்துச் சொல்வது இதைத்தான்.

கணவனின் தம்பிதான் நம்பவில்லை. ஆய்வகத்தில் அவன் பெயரே 'சந்தேகம்'. "தங்கம் காந்தமாச்சுன்னா நகைக்கடைக்காரங்க இரும்பு பீரோவுல இருந்து ஒரு வளையலைப் பிச்சு எடுக்க முடியுமா? உங்க மானி சூடாகி உளறுது அண்ணி!"

அதனால்தான் இந்தப் பந்தயம். பத்துத் தடவை அவன் இஷ்டத்துக்கு ஒளியைத் திருப்புவான். எண்ணை மட்டும் பார்த்து அவள் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் நாளை முதல் லேசர் அவன் குழுவுக்கு.

ஆறு சொல்லியாயிற்று, தங்குதடையில்லாமல்.

ஏழாவது.

எண் பூஜ்யத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒயரை அசைத்தாள். திரையைத் தட்டினாள். பாழாய்ப்போன மானியே, படுப்பதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்த்தாய்?

"என்ன அண்ணி, தூங்கிட்டீங்களா?"

குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? 'இடம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கினாள்.

"ரெண்டும் இல்ல தம்பி. பூஜ்யம்னு காட்டுது. காட்டுறதைத்தானே நான் சொல்ல முடியும்?"

உள்ளே அவன் அடுத்ததற்கு ஒளியைத் திருப்பினான்.

எட்டு, ஒன்பது, பத்து. எண் மறுபடி ஒழுங்காக ஏறியது, இறங்கியது. ஏறி என்ன, இறங்கி என்ன? ஏழாவதோடு லேசர் போயே போயிற்று.

கதவு திறந்தது. பத்துத் தடவையும் திருப்பியதைக் குறித்திருந்த தாளை அவன் நீட்டினான்.

ஒன்பது திசைகளும் அச்சு மாறாமல் பொருந்தின.

ஏழாவதுக்கு எதிரே, ஒளியைத் திருப்பும் முன்பே அவன் எழுதி வைத்திருந்தது: 'சுழலாத நேர் ஒளி. தங்கம் காந்தமாக வழியே இல்லை. வலமோ இடமோ சொல்லி அண்ணி இங்கே மாட்டுவார்.'

கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் ஈரம் காயாத மையில்: 'மாட்டவில்லை.'