தம்பியின் முறை

முன்பனிக் காலம். பெய்து தீர்த்த வானம் நோன்பு முடித்தவர் முகம்போல வெளுத்திருந்தது. வெயிலில் ஒளி இருந்தது, சூடு இல்லை. உலகம் தன் ஆரவாரத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகச் செவிசாய்த்திருக்கும் பருவம் அது.

நூலக மாடியின் கண்ணாடி அறையில் அவளும் செவிசாய்த்திருந்தாள்.

"ஒரு மருத்துவமனை. ஆறு ஆபரேஷன் தியேட்டர். போன வருஷம் ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் காத்திருந்தாங்க, இந்த வருஷம் முப்பது நாள். டாக்டருங்க குறையலை, நோயாளிங்க கூடலை. ஏன்?"

எதிரே இருந்தவன் கேட்டுவிட்டுக் கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டான்.

"ரெண்டு ஆபரேஷனுக்கு நடுவுல தியேட்டரைத் துடைக்க ஆள் பத்தலை," என்றாள்.

கடிகாரத்தை நிறுத்தினான். நான்கு விநாடி.

"அக்கா, நோயாளி வாயைத் திறக்கறதுக்குள்ள மருந்து எழுதிட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்கு நேர்காணல். பெரிய ஆலோசனை நிறுவனம். ஏதோ ஒரு தொழிலின் சிக்கலை முன்னே வைத்து, நாற்பது நிமிடத்தில் வாய்விட்டு யோசித்து அவிழ்க்கச் சொல்வார்கள். விடையைக் காட்டிலும் விடைக்குப் போகும் வழியையே பார்ப்பார்கள். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளுக்கு இருபது இடம். அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஆண்டு ஒரே இடம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதியிருந்தது.

பதினாறு ஆண்டுகள் அறுவை அரங்குகளின் தலைமைச் செவிலியாக இருந்தவள் அவள். மருத்துவமனை கைமாறிவிட்டது, மாதக் கடைசியோடு அவள் பதவியும் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் இப்படியொரு கதவு இன்னொரு முறை திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

எதிரே இருந்தவன் சரக்குக் கிடங்கு ஒன்றின் மேலாளராக இருந்தவன். அவளைவிட இரண்டு வயது இளையவன். கிடங்குக்கு இயந்திரங்கள் வந்தபின் ஒன்பது மாதமாக வீட்டில் இருக்கிறான். நேர்காணலுக்குப் பயில்வோர் குழுவொன்றில் பழக்கம். சந்தித்த முதல் சனிக்கிழமையே அவள் தன் கடிதத்தைக் காட்டினாள். அதை இருமுறை வாசித்துவிட்டு, தனக்கு இன்னும் எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை என்றான். அவள் மனத்துக்குள் அவன் கிடங்குத் தம்பி.

ஒரு மணி நேரம் அவன் கேட்க, ஒரு மணி நேரம் அவள் கேட்க என்பதுதான் ஏற்பாடு. மூன்று வாரமாகத் தன் முறையையும் அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான். எனக்கென்ன அவசரம் என்பான்.

"சிமென்ட் கம்பெனிச் சிக்கல்ல கேள்வி கேட்டே என்னை என்னமா குடைஞ்சு எடுத்தீங்க! தெரிஞ்ச தொழில் வந்தா மட்டும் கேள்வியே வரமாட்டேங்குது. இது உங்க மருத்துவமனை இல்லக்கா. வாசல்ல நின்னு புதுசாப் பாருங்க."

அனுபவசாலிகள் மட்டுமே சறுக்கும் இடத்தை அவன் எப்படித்தான் விரல் வைத்துக் காட்டிவிடுகிறானோ என்று வியந்தாள். பெட்டிகளை அடுக்கிப் பழகியவன் அவள் எண்ணங்களையும் அடுக்கிக் கொடுத்தான்: எது அடியில், எது மேலே, எதை முதலில் எடுப்பது.

கண்ணை மூடி, அறியாத ஒரு மருத்துவமனையின் வாசலில் போய் நின்றாள். பிறகு கேட்டாள். எந்த மாதத்திலிருந்து? ஆறு அரங்கிலும் ஒரே மாதிரியா? முதல் அறுவை எத்தனை மணிக்கு, கடைசி எத்தனை மணிக்கு? அவன் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டே போனாள்.

முப்பத்தெட்டாம் நிமிடம் முடிச்சு அவிழ்ந்தது. அறுவை முடிந்தவர்களைக் கொண்டுபோய்க் கிடத்தப் படுக்கை இல்லை. அரங்கிலேயே காத்துக் கிடந்தார்கள். துடைக்கும் ஆட்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. நான்கே விநாடியில் அவர்கள்மீது பழி போட்டதை நினைத்து அவளுக்கு நாணமாக இருந்தது.

அவன் மேசையைத் தட்டி ஆரவாரித்தான். "இதையே திங்கட்கிழமை பண்ணுங்க, போதும்!" தான் குறிப்பெழுதிய தாளையும் வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினான்.

படிக்கட்டில் அதை மடிக்கப் போனவள், மறுபக்கம் அச்சிட்டிருப்பதைக் கண்டாள். பயன்படுத்திய தாளின் முதுகிலேயே எழுதுவது அவன் கிடங்குப் பழக்கம். எந்தத் தாள் என்று இன்று பார்க்கவில்லை போலும்.

அழைப்புக் கடிதம். அதே நிறுவனம். அதே திங்கட்கிழமை, பதினொரு மணி. அவர்கள் சந்தித்த முதல் சனிக்கிழமைக்கும் நான்கு நாள் முந்திய தேதி. ஒரே இடம் என்ற வரியின்கீழ் பென்சிலால் கோடிட்டிருந்தது.

தேதியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி ஏறினாள்.

கடிதம் மேலே தெரியும்படி தாளை அவன்முன் வைத்தாள்.

அவன் பிடரியைச் சொறிந்தான். "சொல்லியிருந்தா என் முன்னாடி தப்பு பண்ணக் கூச்சப்பட்டிருப்பீங்கக்கா. தப்பே பண்ணாம எப்படிப் பழகறது?"

"உக்காருங்க தம்பி. இப்ப உங்க முறை. மூணு வாரப் பாக்கியும் சேர்த்து."

கடிகாரத்தை நாற்பது நிமிடத்துக்கு வைத்தாள். தொடங்கும்முன் மடியில் கைகளைக் குவித்துக் கண் மூடினாள். நாள்தோறும் ஓதும் பதிகத்தை உதடு அசையாமல் ஓதினாள். இறுதியில் தனக்கென்று வேண்டும் இடத்தில், இன்று அவன் பெயரை வைத்தாள்.

கண் திறந்து, அவன் தலைக்குமேல் கையை மெல்ல உயர்த்தினாள்.

"நல்லா வருவீங்க தம்பி. எங்க போனாலும் நல்லா வருவீங்க."