உஸ்ஸுங்குற ட்யூப்

எங்க பழைய பிக்கப் வண்டி ரெண்டு நாளா குலுங்கிக் குலுங்கி ஓடுது. இன்னைக்கு பானட்டைத் தூக்கினா உள்ளேர்ந்து உஸ்ஸுன்னு ஒரு சத்தம். மெக்கானிக் தம்பிக்கு போன் போட்டேன்.

"காத்து ட்யூப் கழண்டிருக்கும்க்கா. இன்ஜினை ஓடவிட்டு, மாமாவைத் தடவிப் பார்க்கச் சொல்லு."

"ஃபேன்ல கை மாட்டிக்கிட்டா என்னடா பண்றது?"

"மாமா என்ன சின்னப் புள்ளையா?"

எங்க வீட்டுக்காரரு கையை உள்ள விட்டாரு. "கிடைச்சிருச்சு. தடியா, வழவழன்னு இருக்கு. பிடிச்சா நழுவுது."

"இறுக்கிப் பிடிக்கச் சொல்லுக்கா. சத்தம் நின்னுச்சா?"

"ஜாஸ்தியாத்தான்டா ஆகுது."

"அப்ப இன்ஜினை ஆஃப் பண்ணிப் பாரு."

"அதை அப்பவே பண்ணிட்டேனே. ஃபேனுக்குப் பயந்து சாவியையே உருவிட்டேன்."

"அக்கா, இன்ஜின் ஓடலைன்னா ட்யூப் சத்தமே போடாது. மாமா பிடிச்சிருக்கிறதை மெதுவா விடச் சொல்லு."