ஒன்றரை டன் சண்டை

“இனிமே என் முகத்துலயே முழிக்காதே!”

பாரம் தூக்கும் ரிக்கர் ஸ்டோர் ஜன்னலில் போட்ட சத்தத்தில் இன்ஜினீயர் ஓடி வந்தார். சைட்டில் சேர்ந்து மூன்றே நாள். வந்ததும் வராததுமாக ஒரு பஞ்சாயத்து.

குழிக்குள் ஒன்றரை டன் பம்ப் கிடந்தது. மேலே சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியாகிவிட்டது. அதில் மாட்ட வேண்டிய, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத்தான் ஸ்டோர்காரம்மா மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, கொடுக்கவே மாட்டேன் என்று நின்றார்.

“சார், குழியில தண்ணி ஏறுது. இவ என்னடான்னா சட்டம் பேசுறா!”

“கொக்கி வாயை மூடுற தகடு உடைஞ்சு போச்சு சார். பம்பைக் கட்டுற பட்டை நழுவிடும். நல்ல பிளாக் வண்டியில வந்துக்கிட்டிருக்கு, அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்க.”

“இருபது வருஷமா தூக்குறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“மாட்டிவிட்டுட்டு மேலயா நிப்பீங்க? அந்த இடது தோள் வலியோட நீங்களே குழிக்குள்ள இறங்குவீங்க. எனக்குத் தெரியாதா?”

இன்ஜினீயர் குனிந்து கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். தகடு இல்லாதது மட்டுமில்லை, கொக்கியே ஒரு விரல்கடை விரிந்திருந்தது.

“இதைத் தொடவே கூடாது. அந்தம்மா சொன்னதுதான் சரி.”

ரிக்கருக்கு முகம் தொங்கிப்போனது.

சொன்னபடி அரை மணி நேரத்தில் நல்ல பிளாக் வந்தது. சங்கிலி கடகடவென்று ஓட, பம்ப் ஆடாமல் அசையாமல் மேலே வந்தது. ஆனாலும் ரிக்கர் ஸ்டோர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அந்தம்மாவும் ஜன்னலைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

இது சரிப்படாது என்று இன்ஜினீயர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கூட வேலை பார்க்கிற பொம்பளையை நீ, வா, போன்னு பேசுறதெல்லாம் இங்க நடக்காது. நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது. யாராவது ஒருத்தரை வேற சைட்டுக்கு மாத்திடறேன்.”

ரிக்கர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஸ்டோர்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“தாராளமா மாத்துங்க சார். அப்படியே, சாயங்காலம் எங்க வீட்டுக்கு ரெண்டு பேர்ல யாரு போறதுன்னும் சொல்லிடுங்க!”